பிள்ளைகளிடம் போகும் முன்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் அடைத்ததும் குமரி மாவட்டத்து வேதக்கோயில்களில் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிடும். காலையில் பாட்டு, கதை, கைவேலை, நடுவில் பிஸ்கட்டும் ஜூஸும், கடைசி நாள் ஊர்வலமும் மேடை நிகழ்ச்சியும். பாட்டுக்கு அபிநயம் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிறவர்கள். அந்த உற்சாகத்தில் சிலர் அடுத்ததாக "மிஷன் ட்ரிப்" போகப் பெயர் கொடுக்கிறார்கள். வட இந்தியா, நேபாளம், இலங்கை மலையகம் என்று இடம் மாறும். அங்கே போய்ச் செய்வது இதே வேலைதான்: பத்துப் பதினைந்து நாள் பிள்ளைகளோடு பாட்டும் விளையாட்டும் கதையும்.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து சிறு குழுக்கள் நம் மாவட்டத்தின் குழந்தைகள் இல்லங்களுக்கு வருகின்றன. மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி அவர்களுக்கு வசதியான காலம். ஹோமில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடி வரவேற்பார்கள், வந்தவர்கள் பலூன் ஊதுவார்கள், கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள், பிரியும்போது அழுவார்கள்.

போகிறவர்களின் அன்பைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. அந்தப் பத்து நாள் அவர்களுக்கு என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, சரியாகச் செய்வதென்றால் எப்படி? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுகிய காலத்துக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை நாள்தோறும் வளர்க்கிறவர்களுக்குக் கைகொடுக்கப் போகவேண்டும். பிள்ளைகளின் பாசத்தை வாங்கிக்கொண்டு திரும்பப் போகக்கூடாது. இதற்கான சான்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை, நாஞ்சில் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் அழைத்ததால் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன. 1816இல் உடல்நலம் குன்றி அவர் போய்விட்டார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேர்ந்தது 1818இல். இடைப்பட்ட காலத்தில் எல்லாம் நின்று போயிருக்க வேண்டும், ஆனால் நிற்கவில்லை. ரிங்கல்தௌபே பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெளியிலிருந்து வந்தவர் போன பிறகும் பிள்ளைகள் படித்ததற்கு ஊர்க்காரர் ஒருவர் இருந்ததுதான் காரணம். ரிங்கல்தௌபேயைப் பற்றிப் பேசும் அளவுக்கு வேதமாணிக்கத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையாரைப் பார்ப்போம். பெண்பிள்ளைகள் படிப்பதையே கேலி செய்த காலம். அவரும் மீட் அம்மையாரும் வளர்த்த பெண்கள் விடுதிப் பள்ளி இன்று டதி பள்ளியாக நிற்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருமானம் பள்ளிக்கு உதவியது. அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசால் தங்களை மீட்டுக்கொண்டதாகவும் மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். மால்ட் தம்பதியர் இங்கே இருந்தது சுமார் 35 ஆண்டு. அவர்கள் மகள் எலைசா நாகர்கோவிலில் தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிக்குப் போய் அங்கும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கினார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர். அங்கே 1901 முதல் பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். 1951இல் இறக்கும் வரை ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு உரியவராக அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பக்கத்திலேயே இருந்தார்.

அப்படியென்றால் எட்டிப் பார்க்க வருகிறவர்களே கூடாதா? நெய்யூரின் கதை இதற்குப் பதில். ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறும் குழுவில் இருந்தார். அந்தப் பயணம் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கும் தொழிலாளர்களின் சாவோடு முடிந்தது. ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். அங்கே காத்திருந்த கூட்டத்தையும், அதைச் சமாளிக்கத் திணறிய மருத்துவரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். பின்னர் வேலூரிலும் பணியாற்றி 1961இல்தான் ஓய்வு பெற்றார். பார்வையாளராக வந்தபோது அவர் பார்த்தது யாருக்கு எது தேவை என்பதை. அதற்குரிய கைத்தொழிலும் அவரிடம் இருந்தது. குறுகிய பயணம் ஒன்றிலிருந்து இதைவிடப் பெரிய பயன் வரமுடியாது.

இப்போது பிள்ளைகள் பக்கம் வருவோம்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள், மடியில் ஏறுவார்கள், "அக்கா, அக்கா" என்று கையை விடமாட்டார்கள். வந்தவர் நெகிழ்ந்து போவார். "என்மேல் எவ்வளவு பாசம்!" என்று தோன்றும். குழந்தை மனநலம் அறிந்தவர்கள் இதை வேறு கண்ணால் பார்க்கிறார்கள். தாய் தகப்பனிடம் வளரும் மூன்று வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஆள் வந்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதுதான் ஆரோக்கியம். எந்த அந்நியரிடமும் தயக்கமில்லாமல் போய் ஒட்டிக்கொள்கிற பிள்ளைக்கு, நிலையான ஒருவர் கிடைக்காத குறை இருக்கலாம். பராமரிக்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லங்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. அங்கே மாதத்துக்கு ஒரு குழு வந்து, பத்து நாள் அளவில்லாமல் கொஞ்சிவிட்டுப் போனால், "நெருங்கி வருகிறவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள்" என்பதையே பிள்ளை திரும்பத் திரும்பக் கற்கிறது.

ருமேனியாவில் 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தது உலகுக்குத் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டு புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதிப் பேருக்கு இல்லத்தின் வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் தெளிவாக முன்னேறினார்கள். அதிலும் சுமார் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஒரு குழந்தைக்கு வேண்டியது நிரந்தரமான ஒரு முகம் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன ஆய்வு குறைவு.

பணம் வேலை செய்யும் விதமும் தெரிந்திருக்கவேண்டும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், நம்மில் பலரும் அப்படித்தான். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். கம்போடியாவில் 2005க்குப் பிந்தைய ஐந்தே ஆண்டில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. ஆனால் அங்கே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். கூடியது சுற்றுலாவும் நன்கொடையும். நேபாளத்திலும் இல்லங்கள் சுற்றுலாப் பயணிகள் வரும் மாவட்டங்களிலேயே குவிந்தன. "நல்ல படிப்பு" என்று ஆசை காட்டி மலைக் கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அநாதை என்று காட்டிய தரகர்களும் இருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் இருந்தால் காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள், கொடுமை இதுதான். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை பிள்ளைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களில் தொண்டு செய்யும் சுற்றுலாவால் வரும் தீங்கைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி 2007இல் வந்த செய்தியை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டு நடந்த அந்த வழக்கில் 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நாட்டின் எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்யப்படவேண்டும், சமூகத் தணிக்கை நடக்கவேண்டும், பிள்ளைகளை முடிந்தவரை குடும்பங்களுக்குத் திருப்பவேண்டும் என்று அது வற்புறுத்தியது. சுற்றுலாவுக்குப் பெயர்போன கடற்கரையில் அந்த வழக்கு பிறந்ததைக் கன்னியாகுமரிக்காரர்கள் கவனிக்காமல் இருக்கமுடியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பள்ளிப் பிள்ளைகள் தங்கும் விடுதி என்றால் தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். "நாங்கள் மிஷன் ஹோம், எங்களுக்கு அது வேண்டாம்" என்று யாரும் சொல்லமுடியாது. அதே 2015 சட்டத்தின் 74ஆம் பிரிவு, இல்லத்துப் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். இல்லத்துப் பிள்ளையை மடியில் வைத்து எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போடும் முன் இதை நினைக்கவேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையை ஊர்பேர் தெரியாத ஒருவர் படமெடுத்து, "பாவம் இந்த ஏழைக் குழந்தை" என்று எழுதினால் நீங்கள் பொறுப்பீர்களா?

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னொரு கடமையை வைக்கிறது. பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது ஒவ்வொருவரின் சட்டக் கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, மறைத்தவர் நிறுவனத் தலைவராக இருந்தால் ஓராண்டு வரை. "சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பத்து நாள் விருந்தாளியாக வந்தவருக்கும் இந்தக் கடமை உண்டு.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விசா ஒழுங்கும் இருக்கிறது. இந்தியச் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டு வேலைக்கு அதிகபட்சம் ஒரு மாதம் இடமுண்டு. ஊழியம் செய்ய அதில் இடமில்லை, அதற்கு மிஷனரி விசா தனியாக இருக்கிறது. நம் பிள்ளைகள் நேபாளத்துக்குப் போகும்போது இந்தியர் என்பதால் விசா கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த நாட்டின் அரசியலமைப்பு மதமாற்றத்தைத் தடை செய்கிறது, 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பாட்டும் பரிசுப் பொருளும் கொடுத்து நடத்தும் குழந்தைகள் கூட்டத்தை அங்கே யாரும் மதமாற்றப் புகாராக எழுதிக் கொடுக்கலாம். நம் ஆட்கள் ரயிலேறித் திரும்பிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது அந்த ஊர்ச் சபையும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும். அனுப்புகிறவர்கள் இதை மறைக்காமல் சொல்லித்தான் அனுப்பவேண்டும்.

சட்டத்துக்கு அப்பால் ஒரு நியாயமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு மிஷன் விடுதிகளில், இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. கொடுத்தவர் திருப்திக்காகப் பிள்ளையின் பெயரே மாறியது. இன்று பெயரை மாற்றுவதில்லை. ஆனால் ஸ்பான்சர் வருகிறார் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பதும், நடனம் ஆடச் சொல்வதும், "உன் அப்பா எப்படி இறந்தார், சொல்லு" என்று எல்லார் முன்னும் கேட்பதும் அதே வழக்கத்தின் மிச்சம்தான். தன் துயரத்தைச் சொல்லி நன்றி காட்டவேண்டிய கடன் எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி கொட்டில்பாட்டையும் குளச்சலையும் மேலமணக்குடியையும் அழித்தபோது எங்கெங்கிருந்தோ உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். பிணம் எடுத்தவர்களும் சோறு போட்டவர்களும் வீடு கட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு, கடற்கரை அவர்களை மறக்காது. ஆனால் தமிழ்நாடு, இலங்கை, இந்தோனேஷியா என எல்லா இடத்து அனுபவத்தையும் சேர்த்து உலகம் அப்போது ஒன்றைக் கற்றுக்கொண்டது. ஆளுக்கொரு தடவை வந்து பிள்ளையிடம் அலையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவது மருந்தாகாது, புண்ணைக் கிளறும். 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட பேரிடர் மனநல வழிகாட்டியில் இது இடம்பெற்றது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் செய்த முறை வேறு. அவர்கள் உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவர் போன பிறகும் ஆசிரியர் அங்கே இருப்பார் அல்லவா?

போகிறவர்கள் செய்யவேண்டியதும் இதுதான். உங்களிடம் என்ன கைத்தொழில் இருக்கிறதோ அதை அங்குள்ள பெரியவர்களுக்குக் கொடுங்கள். செவிலியர் படித்தவர் இல்லத்து ஊழியர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கலாம். பி.எட். முடித்தவர் அந்த ஊர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் தயாரிக்கலாம், பிள்ளைகள் முன்னால் நிற்பது அவர்களாகவே இருக்கட்டும். கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் எந்த இல்லத்திலும் வேலை காத்திருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவது நூறு பலூன் ஊதுவதைவிடப் பெரிய ஊழியம்.

பிள்ளைகளோடு இருக்கும்போது கைக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கக்கூடாதவை. எந்தப் பிள்ளையோடும் அடைத்த அறையில் தனியாக இருக்காதீர்கள், இல்லத்துப் பெரியவர் ஒருவர் எப்போதும் கண்ணில் படட்டும். பிள்ளைகள் தூங்கும் இடத்திலும் குளிக்கும் இடத்திலும் உங்களுக்கு வேலையில்லை. தனிப்பட்ட பரிசு ஒருவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள், போன் நம்பரும் கொடுக்காதீர்கள். "திரும்ப வருவேன்" என்று சொல்லவே வேண்டாம். பிள்ளை நாள் எண்ணிக்கொண்டிருக்கும். கிளம்பும் தேதியை வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். போகும் முன் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்காத இல்லத்துக்குப் போகாதீர்கள். யார் வந்தாலும் பிள்ளைகள் அறைக்குள் விடுகிற இடம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமாக இருக்கமுடியாது.

இல்லம் நடத்துகிறவர்களும் கேட்கப் பழகவேண்டும். வெள்ளைக்காரர், பணம் கொண்டுவருகிறார் என்பதற்காகச் சான்று கேட்கக் கூச்சப்படும் போதகர்களையும் சிஸ்டர்களையும் நான் அறிவேன். அவர்கள் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டு செய்யவேண்டுமென்றால் பெரும்பாலும் அவர்களும் அப்படி ஒரு சரிபார்ப்புக்கு உட்பட்டாகவேண்டும். பிரிட்டனில் பிள்ளைகளோடு முறையாக வேலை செய்ய முன்வருகிறவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பது வழக்கம். நாம் கேட்டால் நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள், நிம்மதி அடைவார்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. பத்துப் பேர் விமானமேறி வந்துபோகும் செலவில் அந்த இல்லத்தில் ஓர் அம்மாவுக்கு நெடுங்காலம் நல்ல சம்பளம் கொடுக்கலாம், அவர் அந்தப் பிள்ளைகளோடு இருப்பார். அதைவிட மேலான வழியும் உண்டு. வறுமையால் மட்டுமே ஹோமில் விடப்பட்ட பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. விதவைத் தாய்மாரும், கணவன் கைவிட்டவர்களும், தீரா நோயில் கிடக்கும் பெற்றோரும் கேட்கலாம். விண்ணப்பம் வாங்க நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகவேண்டும். படிவம் நிரப்பவும், வருமானச் சான்று வாங்கவும், வங்கிக் கணக்கு தொடங்கவும் தெரியாமல்தான் பல தாய்மார் பிள்ளையை ஹோமில் கொண்டுவிடுகிறார்கள். இந்த வருடம் மிஷன் ட்ரிப்புக்குப் பெயர் கொடுக்கும் முன், உங்கள் சபையிலோ பங்கிலோ தெருவிலோ அப்படி ஒரு தாய் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவரோடு அந்த அலுவலகத்துக்கு நீங்கள் போங்கள்.